ஜன்னலோரத்து வெர்டி

அந்த ஆகஸ்டில் பீன்ஸ் எல்லாம் ஒன்றாக முற்றிவிட்டது. மழை இல்லை, காற்றும் இல்லை. விடியும்போது ஓடைமேல் கிடக்கும் மூட்டம் கலைந்ததும் வெக்கை வந்து பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வரைக்கும் எழுந்து போகாது. பக்கை ஓடைப் பள்ளத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பெண்கள் வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பெரிய குக்கர் உறுமிக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஜாடியில் அடைத்து, வேகவைத்து, நிலவறையில் அடுக்கினால்தான் குளிர்காலம் ஓடும்.

வெர்டி வீட்டிலும் அதே வேலைதான். வெர்டி பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறவள். வாட்டசாட்டமான உடம்பு, குறைந்த பேச்சு. அவள் புருஷன் ஹோபர்ட் வயசெல்லாம் கரிச்சுரங்கத்துக்குள் போய் வந்தவர். நெஞ்சு முழுக்கக் கரித்தூள். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டருமாகச் சமையலறை மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரும் நார் உரிப்பார். நாலு காய் உரித்துவிட்டு நிறுத்தி, மூச்சைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஐந்தாவதை எடுப்பார்.

மூன்றாவதாக அந்த வருஷம் வந்து சேர்ந்தவள் வெர்டியின் தங்கை ஓர்லீன்.

ஓர்லீன் காடில் என்றால் எங்கள் மலைப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. சின்ன வயதில் மாவுக் கம்பெனிக்காரர்கள் நடத்திய விடிகாலை ரேடியோ நிகழ்ச்சியில் பாட ஆரம்பித்தவள். கிட்டார் வாசிக்கும் டென்சில் பிராட் என்பவனைக் கட்டிக்கொண்டு நாஷ்வில்லுக்குப் போனாள். பகலெல்லாம் சட்டைத் தொழிற்சாலையில் தையல், பொழுது சாய்ந்தால் மதுக்கடையில் கன்ட்ரி பாட்டு. “ஒரு பொம்பள பாட்டுப் போட்டா அடுத்து ரெண்டு ஆம்பள பாட்டுப் போட்டாத்தான் கேப்பாங்க” என்று ரெக்கார்டு கம்பெனிக்காரன் ஒருவன் அவளைப் பல தடவை திருப்பி அனுப்பினான். கடைசியில் அவளை உள்ளே கூட்டிப்போனது ஒரே ஒரு பாட்டு. ‘ஜன்னலோரத்து வெர்டி.’

பாட்டில், விடியுமுன்னே புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருத்தியோடு ஓடிப்போகிறான். வெர்டி ஜன்னலோரம் உட்கார்ந்து பனிக்காலம் முழுக்க அழுகிறாள். வாராவாரம் அவன் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டி வைக்கிறாள். கடைசி அடியில் அவன் திரும்பி வருகிறான். அவள் ஒன்றும் கேட்காமல் தட்டு வைக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதைக் கேட்டு லாரி ஓட்டுகிறவர்கள்கூட வண்டியை ஓரங்கட்டி அழுதார்கள் என்பார்கள்.

எங்கள் பள்ளத்தில் எல்லோருக்கும் அது எந்த வெர்டி என்று தெரியும். வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து அந்த ஜன்னலைப் படம் பிடிப்பார்கள். வெர்டி வீட்டில் ரோட்டைப் பார்த்து ஜன்னலே கிடையாது. இருக்கிறதெல்லாம் ஓடைப் பக்கம். அதனால் எதிர்த்தாற்போல் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். என் மனைவி மோசெல் திரைச்சீலையை அடிக்கடி துவைத்ததற்கு அதுதான் காரணம்.

அந்தப் பாட்டுக்கு அப்புறம் ஓர்லீனுக்கு இன்னும் ரெண்டு மூன்று பாட்டு ஓடியது. பிறகு ஓடவில்லை. பிறகு வந்ததெல்லாம் பஸ், பொருட்காட்சி, பள்ளிக்கூட மைதானம், டிராக்டர் கடைத் திறப்புவிழா. ஒருநாள் அர்கன்ஸாவில் லாட்ஜ் வாசலில் டென்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். மறுநாள் சாயங்காலம் அவள் பாடினாள். ஒப்புக்கொண்டிருந்ததால் பாடினாள். பஸ் போய் வேன் ஆனது. கூட வாசிக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் மாறினார்கள். பேர் மறந்துபோய் எல்லோரையும் ‘கண்ணு’ என்றே கூப்பிட்டாளாம்.

அந்த ஜூன் மாதம் வேன் எங்கள் ஓடைப் பாலத்தில் வந்து நின்றது. கிட்டார் பெட்டி ஒன்று, பொய்முடிப் பெட்டிகள் சில, பளபளக்கிற கவுன்களைச் சுற்றிய பிளாஸ்டிக் பொட்டலம். வந்தவள் தூங்கினாள். விடிந்தது தெரியாமல், பொழுது போனது தெரியாமல் தூங்கினாள். வெர்டி கதவைத் திறந்து தட்டை வைத்துவிட்டு மூடுவாள். எழுந்து பேசியபோது பாதிக் குரல்தான் இருந்தது. தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, பேசாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுக்க வேண்டும் என்று லெக்சிங்டனில் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ரெண்டும் செய்யவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாவட்டப் பொருட்காட்சிக் கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள். சொந்த ஊர் என்று அவளும் சரியென்றுவிட்டாள். போஸ்டரில் அவள் பேரைவிடப் பாட்டின் பேர் பெரிதாக இருந்தது.

பொருட்காட்சிக்கு ரெண்டு நாள் முன்னால் அவள் வேனுக்கு ஃபேன் பெல்ட் மாட்டிக்கொடுக்கப் போயிருந்தேன். நான் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். வேலை முடிந்து கை கழுவ உள்ளே போனதும் வெர்டி ஒரு வாளியை என் முன்னால் தள்ளினாள்.

“உக்காரு எஸ்டில். சும்மா போகாத. மூணு பேரு உரிச்சும் தீரல.”

உட்கார்ந்தேன். குக்கர் ஆவியில் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. ஓர்லீன் மேக்கப் இல்லாமல், நரைத்த முடியைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டு, பழைய வீட்டு உடுப்பில் இருந்தாள். விரல் மட்டும் வேகமாக ஓடியது. சின்ன வயதில் பழகியது மறக்கவில்லை போலிருக்கிறது.

ஹோபர்ட் பேச்சை ஆரம்பித்தார். “சனிக்கிழமை நானும் வாரேன்.”

“எங்க?” என்றாள் வெர்டி.

“பொருட்காட்சிக்கு. கொழுந்தியா பாடுறதக் கேக்கணும்.”

“பன்னி பாக்கணும்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன். கோவேறு கழுதை பாக்கணும்னு சொல்லுங்க. பாட்டு வேண்டாம்.”

“பன்னி நெறைய பாத்தாச்சு.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “அந்தப் பாட்ட நான் முழுசாக் கேட்டதே இல்ல எஸ்டில். எங்க போட்டாலும் எந்திரிச்சுப் போயிருவேன். சொரங்கத்துக்குள்ள எறங்கும்போது பயலுவ விசிலடிப்பானுவ. அவனுவளுக்கும் மொத ரெண்டு வரிக்கு மேல தெரியாது. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போயிரணும்.”

“போறதாம் போறது,” என்று வெர்டி ஜாடிக்குள் உப்பைப் போட்டாள்.

ஓர்லீன் கரகரவென்று சொன்னாள். “நான் அதப் பாடல அத்தான். வேற பாடிக்கிறேன்.”

“பாடாம?” வெர்டி திரும்பவில்லை. “போஸ்டர்ல போட்டுருக்கான். சனம் அதுக்குத்தான் வருது. உன் மூஞ்சியப் பாக்கவா வருது?”

“என் மூஞ்சியப் பாக்க யாரும் வரமாட்டாங்கன்னு எனக்கே தெரியும்க்கா.” ஓர்லீன் கையிலிருந்த காயை வாளியில் போட்டாள். “நீ சொல்லு. பாடட்டா, வேண்டாமா? இத்தன வருஷமா நீ ஒரு வார்த்த சொல்லல. வந்தா சோறு போடுற. துணி தொவைக்கிற. ஒரு கச்சேரிக்கு வந்ததில்ல. திட்டவாவது செய்யலாம்ல?”

“திட்ட என்ன இருக்கு.”

“உன் வீட்டுச் சங்கதிய ஊரறியப் பாடிட்டேன்னு கோவம். அத்தான மானங்கெடுத்திட்டேன்னு கோவம். தெரியாமயா இருக்கேன்?”

“ஊருக்குத் தெரியாததயா பாடிட்ட? இவரு ஒஹையோவுல டேட்டன்ல போயி அந்த ஓட்டல்காரி கூட இருந்தது பால்காரன் வரைக்கும் தெரியும்.”

“மூணு மாசம்,” என்றார் ஹோபர்ட்.

“நீங்க பேசாதீங்க. மூச்சு வாங்கும்.”

“அப்பறம் என்னதான்க்கா கோவம்?”

வெர்டி கையிலிருந்த ஜாடியை மேசைமேல் வைத்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தாள். அப்புறம் தங்கையை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நான் எங்கடி அழுதேன்?”

ஓர்லீன் இன்னொரு காயை எடுத்தாள்.

“இவரா ஓடிப்போனாரு? அந்த ஓட்டல்காரி சங்கதி காதுக்கு வந்ததும் நாந்தான் வெரட்டுனேன். சோத்து டப்பா, சட்ட, பூட்ஸு எல்லாத்தையும் எடுத்து ஓடையில வீசுனேன். நவம்பர் மாசக் குளுரு. இந்த மனுசன் மொழங்கால் தண்ணியில எறங்கி பூட்ஸத் தேடிட்டு நிக்காரு.”

“ஒண்ணுதான் கெடச்சுது,” என்றார் ஹோபர்ட் என்னைப் பார்த்து. “ஒத்தக் கால் பூட்ஸோடதான் ஒஹையோ போனேன்.”

“ஒண்ணும் கேக்காம தட்டு வச்சனாம்! கறிக்குப் பொகை போடுற கொட்டாயில படுக்க வச்சேன்டி, மக்காச்சோளம் நடுற வரைக்கும். சோத்தக் கொண்டுபோயி வாசல்ல வச்சிட்டு வந்துருவேன், நாய்க்கு வைக்கிற மாதிரி.”

“நாய்க்கு மொதல்ல வைப்பா. எனக்கு அதுக்கப்பறம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெர்டி சிரிக்கவில்லை.

“நீ என்னைய அழ வச்சிட்ட. சர்ச்சுக்குப் போனா ஒவ்வொருத்தியும் கையப் புடிச்சிக்கிட்டு ‘பாவம் வெர்டி’ங்கறா. பள்ளிக்கூடத்துல சோறு போடுறேன், புதுசா வந்த டீச்சரு என்னையப் பாத்துக் கண்ணு கலங்குறா. உருளக்கெழங்கு வேணுமான்னு கேக்குறேன், அவ கலங்குறா. இருபது வருஷத்துக்கு மேல நான் பாவம். பொல்லாதவ, புருஷனத் தண்ணிக்குள்ள எறக்குனவன்னு பாடியிருந்தாக்கூட நிமிந்து நடந்துருப்பேன். இஸ்திரி போட்டேனாம்ல இஸ்திரி. இவரு சட்டைய அதுக்கு முன்னாடியும் போட்டதில்ல, பின்னாடியும் போட்டதில்ல.”

“அம்மா சொன்னாக்கா. நான் ஃபோன் பண்ணுனப்போ, வெர்டி ஜன்னலுகிட்டயே கெடக்கான்னு சொன்னா.”

“ஜன்னல் சந்துல துணி அடைச்சிட்டுக் கெடந்திருப்பேன். காத்து உள்ள வந்துது.”

குக்கர் சீறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் அடுப்பைக் குறைத்தேன்.

ஓர்லீன் வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் இறங்கி இறங்கி, பக்கத்தில் இருந்த எனக்கே காதைத் தீட்ட வேண்டியிருந்தது.

“அழுதது நாந்தான். நாஷ்வில்ல மாடி ரூமு. தெருவப் பாத்து ஒரு ஜன்னலு. டென்சில் அந்த வருஷம் பாதி நாளு வீட்டுக்கு வரல. வந்தா வேற ஒருத்தி சென்ட்டு வாசம். சட்டையத் தொவச்சு இஸ்திரி போட்டது நானு. ஒண்ணும் கேக்காம தட்டு வச்சதும் நானு. அவன் பக்கத்துல நின்னு கிட்டார் வாசிக்கிறான்க்கா. என் பேரப் போட்டு எப்படிப் பாட? உன் பேரப் போட்டேன்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“அக்காவ நெனச்சு உருகிப் பாடுறேன்னு எல்லாருகிட்டயும் பெருமையாச் சொல்லுவான்.”

வெர்டி அடுத்த ஜாடியை எடுத்தாள். காயை அழுத்தி அழுத்தி நிரப்பினாள்.

“இதச் சொல்றதுக்கு இத்தன வருஷமாச்சா உனக்கு?”

“சொல்ற எடத்துலயெல்லாம் எதுக்க கூட்டம் உக்காந்துருந்துச்சு.”

உரித்து முடித்தோம். வெர்டி எனக்குத் தக்காளிப் பழமும் சோள ரொட்டியும் மோரும் கொடுத்து அனுப்பினாள்.

சனிக்கிழமை ஹோபர்ட் சட்டை மாட்டி, தொப்பி போட்டு, கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்துவிட்டார். காரில் கூட்டிப்போகிறவன் நான்; வழியில் சிலிண்டர் மாற்ற வேண்டிவந்தால் எனக்கு மாற்றத் தெரியாது. அதனால் வெர்டியும் வந்தாள். “சிலிண்டருக்காக வாரேன்” என்று என்னிடம் ரெண்டு தடவை சொன்னாள்.

மைதானத்தில் புழுதியும் சாணி வாசனையும், சர்க்கரை தூவிய பலகாரம் எண்ணெயில் பொரிகிற வாசனையும் கலந்து கிடந்தன. பன்றிப் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. பெரிய லாரியின் திறந்த பின்பகுதியைத்தான் மேடையாக்கியிருந்தார்கள். வேலி ஓரம், மேடைக்குப் பக்கவாட்டில் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்துவைத்தேன். வெயில் இன்னும் மலைக்குப் பின்னால் இறங்கவில்லை. ஓர்லீன் செம்பட்டைப் பொய்முடியும் நீலக் கவுனுமாக வந்து நின்றபோது சனம் எழுந்து நின்று கைதட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் அதே பழைய ஓர்லீன்தான். கிட்டத்திலிருந்து நான் பார்த்தேன். நெற்றியில் முடிக்கும் தோலுக்கும் நடுவே வேர்வை கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று பாட்டு பாடினாள். உச்சத்துக்குப் போகும் இடங்களில் போகாமல், பக்கத்து வீட்டு வழியாகச் சுற்றிப் போவதுபோலப் போய் வந்தாள். சனத்துக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்வரிசையில் யாரோ “வெர்டி!” என்று கத்தினார்கள். பிறகு எல்லா இடத்திலிருந்தும் அதே பேர் வந்தது. காருக்குள் வெர்டி சீட்டில் சற்றே கீழே நகர்ந்தாள்.

ஓர்லீன் கையை உயர்த்தி வாத்தியத்தை நிறுத்தினாள்.

“ஒண்ணு சொல்லிக்கிறேன்,” என்றாள் மைக்கில். “இந்தப் பாட்டு பொய்யி. எங்கக்கா அழல. அவ புருஷன் ஓடிப்போகல. அவதான் வெரட்டுனா. பூட்ஸத் தூக்கி ஓடையில போட்டா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“நெசமாத்தான் சொல்றேன். திரும்பி வந்தப்போ பொகைக் கொட்டாயில படுக்க வச்சா. அழுதது நான். ஜன்னல் என்னோடது. புருஷனும் என் புருஷன்தான்.”

இன்னும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். பாட்டுக்கு முன்னால் சொல்கிற வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த ஊரிலிருந்து கூலிக்கு வந்த டிரம்காரனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவள் பேசி முடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டான். பிடில்காரன் எடுத்துவிட்டான். ஓர்லீன் ரெண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. அவள் நிறுத்தினாள். பாட்டு நிற்கவில்லை. மைதானம் மொத்தமும் பாடியது. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், பலகாரம் பொரித்தவள், தோளில் குழந்தையோடு நின்றவர்கள், எல்லோரும். அவள் வாயை மூடி, கிட்டாரை வயிற்றோடு அணைத்து, தன் பாட்டை மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கவுன் மட்டும் வெயிலில் மினுங்கியது.

ஹோபர்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி அடி வரை கேட்டார்.

“நல்ல பாட்டுத்தான்,” என்றார். “பாட்டுல நீ எம்புட்டு நல்லவளா இருக்க.”

“பொய்யின்னா நல்லாத்தான் இருக்கும்,” என்று வெர்டி அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்தாள்.

கையெழுத்து வாங்குகிற கூட்டம் கலைந்து ஓர்லீன் கார்ப் பக்கம் வந்தாள். முன்சீட்டில் சரிந்து உட்கார்ந்து பொய்முடியைக் கழற்றினாள். தலை சின்னதாகிவிட்டது.

“சொன்னேன்க்கா. ஒருத்தரும் கேக்கல.”

“நான் கேட்டேன்,” என்றாள் வெர்டி.

துணியில் சுற்றிவைத்திருந்த ரொட்டியையும் ஆப்பிள் வறுவலையும் எடுத்துக் கொடுத்தாள். ஓர்லீன் மென்று விழுங்கவே கஷ்டப்பட்டாள். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு விழுங்கினாள்.

“நாளைக்கு ஒஹையோவுல இருக்கணும்.”

“போய்த்தான் ஆகணுமா?”

“ஒத்துக்கிட்டாச்சு.”

“அங்கயும் அதத்தான் கேப்பாங்க.”

“அதத்தான் கேப்பாங்க.”

வெர்டி வெளியே பார்த்தாள். கழுதைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஏற மாட்டேன் என்று முன்காலை ஊன்றி நின்றது.

“பாடிக்க,” என்றாள். “ஆனா முன்னாடி நெசத்தச் சொல்லிட்டுப் பாடு. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க.”

அப்படியேதான் செய்தாளாம். அக்டோபரில் இண்டியானாவில் ஒரு மைதானத்தில் அந்த நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுபோனது. கரகரப்புகூட இல்லை, வெறும் காற்று. வெர்டி சொல்லி நான்தான் போய் வேனை ஓட்டிக்கொண்டு வந்தேன். பெட்ரோல் போட நின்ற இடத்தில் கல்லாவில் இருந்த பெண் உற்றுப் பார்த்துவிட்டு “நீங்க அவங்கதானே?” என்றாள். ஓர்லீன் இல்லை என்று தலையாட்டினாள். அறுவை செய்த பிறகு ரகசியம் பேசுகிற அளவுக்குக் குரல் வந்தது. அதற்குமேல் வரவேயில்லை. அவளும் பள்ளிக்கூடச் சமையற்கட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

பிப்ரவரியில் ஹோபர்ட் போய்ச் சேர்ந்தார். மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்டக் கடப்பாரை வேண்டியிருந்தது. குழியருகே வெர்டி நேராக நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் அவளே காபி ஊற்றிக் கொடுத்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் மோசெல் ஒரு பானை நிறைய பீன்ஸ் சூப் கொடுத்தனுப்பினாள். அக்காவும் தங்கையும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, இப்போதுதான் இதை வெளியே சொல்கிறேன். கதவைத் தட்டினேன். ஓர்லீன் கொஞ்சமாகத் திறந்து, அந்தச் சந்தை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். ஈர மரத்தில் ரம்பம் மாட்டிக்கொண்டால் வருமே, அப்படி ஒரு சத்தம் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு வந்தது. அழுது பழக்கமில்லாத ஆள் அழுகிற சத்தம்.

ஓர்லீன் என் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா தூங்குறா,” என்றாள், இருந்த குரலில்.

“சரி” என்று பானையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சரிவில் பாதி இறங்கியிருப்பேன். போதகரின் மனைவியும் இன்னொரு பெண்ணும் மூடிய தட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

“வெர்டி எப்படி இருக்கா, எஸ்டில்?”

“தூங்குறா. எழுப்ப வேண்டாம்னாங்க,” என்றேன். “மேல பாதை வேற கண்ணாடி மாதிரி வழுக்குது.”

அவர்கள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். ஓடைப் பாலம் தாண்டும் வரைக்கும் நான் அங்கேயே வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.